எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் உண்டு... மீன் படகுக்கு?

உவரிக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே கரையில் நின்று கடலைப் பார்த்தால் என்ன தெரியும்? அலை, நாலைந்து வள்ளங்கள், தூரத்தில் மெதுவாக நகரும் ஒரு பெரிய கப்பல். அவ்வளவுதான். ஆனால், 2010 முதல் 2015 வரை அங்கே ஒரு கோடும் இருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த யார் கண்ணுக்கும் அது தெரியாது. கப்பல்களில் விரித்து வைத்திருந்த வரைபடங்களில் மட்டும்தான் தெரியும்.

கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரி. அதுதான் அந்தக் கோடு.

சோமாலியக் கடற்கொள்ளையர்களுக்குப் பயந்து, சர்வதேசக் கப்பல் துறை அமைப்புகள் போட்ட எல்லை அது. கோட்டுக்கு மேற்கே, ஆப்பிரிக்கா வரைக்கும் 'அதிக ஆபத்துப் பகுதி'. அதற்குள் நுழையும் கப்பல்கள் சுற்றிலும் முள்கம்பி கட்டிக்கொள்ளும். துப்பாக்கி ஏந்திய காவலர்களையும் ஏற்றிக்கொள்ளும். சின்னப் படகு எது பக்கத்தில் வந்தாலும் சந்தேகத்தோடு பார்க்கும்.

தூத்துக்குடி நகரம் கோட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே தப்பித்துக்கொண்டது. கன்னியாகுமரி, கொல்லம், கொச்சி, மங்களூர் என்று அந்தப் பக்கத்துக் கடல் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த இடம் ஒரே நாளில் கொள்ளையர் நடமாடும் இடமாகப் பெயர் மாறியது. அந்தக் கடலில் வலை வீசியவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

மருமகன் கப்பலில், மாமன் படகில்

தூத்துக்குடி தெரேஸ்புரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரே மகன். எண்ணெய் டேங்கரில் டெக் வேலை. அவருடைய தம்பி, அதாவது பையனின் தாய்மாமன், வளைகுடாவில் ஓர் அரபி முதலாளியின் படகில் மீன் பிடிப்பவர். இந்தக் கரையில் இது ஒன்றும் அதிசயமான குடும்பம் இல்லை. தூத்துக்குடி, ராமநாதபுரம், குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் தெருவுக்கு ஒரு சீமேன் இருப்பார். 'சவூதி, பஹ்ரைன், ஈரான் பக்கம் மீன் பிடிக்கப் போயிருக்கார்' என்று சொல்ல நாலு வீடு இருக்கும்.

அந்த அம்மாவுக்கு அப்போது ரெண்டு பயம். மகனைக் கொள்ளையர் பிடித்துவிடக் கூடாது. தம்பி படகு பத்திரமாகக் கரை சேர வேண்டும். ரெண்டும் வேறு வேறு பயம் என்றுதான் அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2008 நவம்பரில் 'சிரியஸ் ஸ்டார்' என்ற சவூதி டேங்கரையே கொள்ளையர்கள் கடத்தினார்கள். அதில் இருந்தது ஏறத்தாழ 20 லட்சம் பேரல் கச்சா எண்ணெய். அவ்வளவு பெரிய கப்பலை ஒரு சின்னப் படகில் வந்தவர்கள் எப்படிப் பிடித்தார்கள்?

எண்ணெய் நிரம்பிய டேங்கர் தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்து போகும். அதனால் மேல்தளம் கடல்மட்டத்துக்குக் கிட்டத்தில் வந்துவிடும். வேகமும் குறைவு. ரெண்டு எஞ்சின் பூட்டிய படகில் துரத்தி வந்து, கொக்கி போட்ட ஏணியை மாட்டிவிட்டால் போதும், சில நிமிடங்களில் ஏறிவிடலாம்.

2010 செப்டம்பரில் 'அஸ்ஃபால்ட் வென்ச்சர்' கப்பல் கடத்தப்பட்டது. அதில் இருந்த 15 பேருமே இந்திய மாலுமிகள். மறு வருடம் ஏப்ரலில் பணம் கைமாறிய பிறகும் கொள்ளையர்கள் எல்லோரையும் விடவில்லை. ஏழு பேரை நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஏழு பேர் விடுதலையானது 2014 அக்டோபரில்தான். நாலு வருடம்! கப்பலுக்குப் போன பிள்ளைகளின் வீடுகள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆகவே ஒரு நாள் மகன் போனில், "துப்பாக்கி வெச்ச ஆளுக நாலு பேரு கப்பல்ல ஏறிட்டாங்கம்மா. இனிமே ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்" என்று சொன்னபோது, அந்த அம்மா மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் வேண்டாம் என்று எந்த மாலுமியின் வீட்டிலும் சொல்ல மாட்டார்கள்.

அந்த 2012

பிரச்னை எங்கே வந்தது என்றால், கொள்ளையர்கள் மீன் படகுகளையே பிடித்து, அவற்றைத் தாய்க்கப்பலாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். 2011 ஜனவரியில் லட்சத்தீவு அருகே இந்தியக் கடற்படை மடக்கிய 'பிரந்தலே 14' அப்படிக் கடத்தப்பட்ட ஒரு மீன்பிடிக் கப்பல்தான். அதற்குப் பிறகு, மீன் படகு என்று தெரிந்தாலும் பெரிய கப்பல்காரர்களுக்குச் சந்தேகம் போகவில்லை.

2012 பிப்ரவரி 15. எகிப்து நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல், கேரளக் கரையிலிருந்து 20 கடல் மைல் தொலைவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. காவலுக்கு இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருந்தார்கள். 11 பேரோடு மீன் பிடித்துத் திரும்பிய 'செயின்ட் ஆன்டனி' படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். இன்னொருவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர்.

அந்த வழக்கு ஒன்பது வருடம் ஓடியது. இந்தியாவா, இத்தாலியா, யார் விசாரிப்பது என்று சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. வீரர்களுக்கு அரசுப் பணியாளர்கள் என்ற விலக்கு உண்டு, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. இழப்பீடு 10 கோடி ரூபாய். இறந்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி.

அதே 2012, ஜூலை 16. இந்த முறை துபாய் பக்கம், ஜெபல் அலி துறைமுகத்துக்கு அருகே. 'ராப்பஹானக்' என்ற கப்பல், அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் நிரப்பித் தரும் கப்பல். அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கி ஒரு மீன் படகைச் சுட்டது. ஒருவர் இறந்தார், மூன்று பேருக்குக் காயம். அவர்கள் ராமநாதபுரம் மாவட்ட மீனவர்கள். முத்துக்குளித்துறைக் கரையில் பிறந்து, பிழைப்புக்காக இன்னொரு வளைகுடாவுக்குப் போனவர்கள்.

எச்சரித்தும் கேட்காமல் படகு வேகமாக நெருங்கி வந்தது என்றது அமெரிக்கக் கடற்படை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள்.

கப்பல்காரர்களின் பயத்துக்கும் ஒரு கதை உண்டு. 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில், வெடிமருந்து ஏற்றிய ஒரு சின்னப் படகு 'கோல்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை மோதி வெடித்தது. 17 மாலுமிகள் இறந்தார்கள். 2002-ல் ஏமன் கரையோரம் 'லிம்பர்க்' என்ற பிரெஞ்சு எண்ணெய் டேங்கருக்கும் அதே கதிதான். அதற்குப் பிறகு, நெருங்கி வரும் சின்னப் படகு என்றாலே விரல் துப்பாக்கிக் குதிரைக்குப் போய்விடுகிறது.

ஆனால், மீனவர் ஏன் கப்பலை நெருங்குகிறார்? இதற்குக் கரையில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் பதில் சொல்வார். வலைக்காகத்தான். கடலில் நீளமாக வலை விரித்திருக்கும்போது பெரிய கப்பல் நேராக அதன் மேல் வந்தால் எல்லாமே போச்சு. லட்சக்கணக்கில் நஷ்டம். அதனால் படகை வேகமாக ஓட்டிக்கொண்டு கப்பலை நோக்கிப் போவார்கள். சட்டையைக் கழற்றி வீசிக் காட்டுவார்கள், ராத்திரி என்றால் டார்ச் அடிப்பார்கள். 'இந்தப் பக்கம் வராதே, வலை கிடக்கு' என்று சொல்கிறார்கள். மேலே நிற்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு சின்னப் படகு, சில ஆண்கள், ஏதோ கத்திக்கொண்டு வேகமாக வருகிறார்கள்.

தன் வலையைக் காப்பாற்ற ஒருவர் செய்கிற அதே காரியம், இன்னொருவருக்குத் தாக்குதலாகத் தெரிகிறது.

அந்த வருடம் பனிமய மாதா திருவிழாவுக்கு மாமனும் லீவில் வந்திருந்தார், மருமகனும் வந்திருந்தார். கொடியேற்றம் ஜூலை 26. துபாய்ச் செய்தி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வீட்டுத் திண்ணையில் பேச்சு அங்கேதான் போய் நின்றது.

"ஏல மருமகனே, உன் கப்பல்ல துப்பாக்கியோட நிக்கான்லா... அவனுக்கு என்னைத் தெரியுமால?"

"எப்படி மாமா தெரியும்? அவ்வளவு உசரத்துல இருந்து பார்த்தா எல்லாப் படகும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"அப்ப நீயாச்சும் சொல்லணும்லா, அது நம்ம ஆளுகதான்னு."

"சொல்லலாம் மாமா. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள..."

பையன் அதற்கு மேல் பேசவில்லை. உள்ளே இருந்த அம்மா, "ரெண்டு பேரும் எந்திரிச்சுச் சாப்பிட வாங்க" என்றார். தன்னுடைய ரெண்டு பயமும் உண்மையில் ஒரே பயம்தான் என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தூத்துக்குடிக்கு வந்த ஆயுதக் கப்பல்

அடுத்த வருடம் அந்தக் காவல் தொழிலே தூத்துக்குடி வாசலுக்கு வந்துவிட்டது.

2013 அக்டோபர் 12. 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை மடக்கித் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கப்பல் ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்துடையது. கொடி சியரா லியோன் நாட்டுடையது. உள்ளே 35 பேர். பத்துப் பேர் மாலுமிகள், 25 பேர் காவலர்கள். நாடு வாரியாகப் பார்த்தால் எஸ்டோனியாக்காரர் 14, இந்தியர் 12, பிரிட்டிஷார் 6, உக்ரைன்காரர் 3. கூடவே 35 துப்பாக்கிகளும் 5,000-க்கு மேற்பட்ட தோட்டாக்களும்.

இப்படி ஒரு கப்பல் எதற்கு? துப்பாக்கியோடு ஒரு துறைமுகத்துக்குள் நுழைய ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம். அதனால் காவல் நிறுவனங்கள் ஆயுதத்தையும் ஆட்களையும் கடலிலேயே ஒரு கப்பலில் தங்க வைத்தன. சரக்குக் கப்பலோ டேங்கரோ ஆபத்துப் பகுதிக்குள் நுழையும்போது காவலர்கள் ஏறிக்கொள்வார்கள், தாண்டியதும் இறங்கிக்கொள்வார்கள். கோடு 78 டிகிரியில் இருந்ததால், ஏறி இறங்கும் இடம் நம் கடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. உள்ளூர்ப் படகு ஒன்றிலிருந்து சுமார் 1,500 லிட்டர் டீசல் வாங்கியதாகவும் அந்தக் கப்பல் மீது புகார். எண்ணெய்க் கப்பல்களுக்கும் காவல் போகிற தொழில், கடைசியில் சில பேரல் எண்ணெய்க்குக் கை நீட்டி நின்றது.

வழக்கு இழுத்தது. 2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை குற்றச்சாட்டை ரத்து செய்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரி 11-ல் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27-ல் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. 'சென்னை சிக்ஸ்' என்று ஆறு பிரிட்டிஷாரைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகள் நிறைய எழுதின. அதே கப்பலில் 12 இந்தியர்களும் இருந்தார்கள் என்பது பலருக்கு ஞாபகம்கூட இல்லை. சம்பளத்துக்கு வேலைக்குப் போனவர்கள் அவர்களும். நாலு வருடம் காத்திருந்த குடும்பம் அவர்களுக்கும் இருந்தது.

கோடு நகர்ந்தது

தொடர்ந்து இந்தியா வாதாடியது. உங்கள் கோட்டால் எங்கள் மீனவர்கள் கொள்ளையர்களாகத் தெரிகிறார்கள், ஆயுதக் கப்பல்கள் எங்கள் கரையோரம் வந்து நிற்கின்றன என்றது. 2015 டிசம்பர் 1 முதல் கோடு 65 டிகிரிக்குப் போனது. அதாவது நம் கரையை விட்டு விலகி, அரபிக்கடல் நடுவே. 2023 ஜனவரி 1 முதல் அந்த ஆபத்துப் பகுதியே முழுதாக நீக்கப்பட்டது.

ஆனால், ஆபத்து நீங்கவில்லை. இடம் மாறியது.

2019 ஜூனில் ஓமான் வளைகுடாவில் இரண்டு டேங்கர்கள் ஒரே நாளில் தாக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள் இந்தியக் கடற்படை 'ஆபரேஷன் சங்கல்ப்' தொடங்கி, நம் கப்பல்களுக்குத் துணையாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது. அடுத்த மாதமே ஈரான் பிடித்துவைத்த 'ஸ்டெனா இம்பெரோ' டேங்கரில் இருந்த 23 பேரில் 18 பேர் இந்தியர்கள்.

ஹோர்முஸ் ஜலசந்தி அதன் குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலம்தான். உலகம் ஒரு நாளில் செலவழிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் வருகிறது. நம் நாட்டு அடுப்புகளில் எரியும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து. அங்கே ஏதாவது ஒன்று என்றால் சிலிண்டர் விலையில் தெரியும். அதனால் இது கப்பல்காரர்கள் பிரச்னை மட்டும் இல்லை.

அந்த ஜலசந்திக்கும் தூத்துக்குடிக்கும் இன்னொரு உறவும் உண்டு. கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கிக்கொண்ட 687 இந்தியர்களை, பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஐ.என்.எஸ். ஜலஷ்வா ஏற்றிக்கொண்டு வந்தது. 2020 ஜூலை 1-ல் அவர்கள் இறங்கியது தூத்துக்குடியில். நிறைய பேர் மீனவர்கள். பந்தர் அப்பாஸ் இருப்பது ஹோர்முஸ் ஓரத்தில்தான். எண்ணெய்க் கப்பல்கள் பயந்து பயந்து கடக்கும் அதே தண்ணீரில்தான் நம் ஆட்கள் வலை போடுகிறார்கள்.

காவல் என்றால் சுடுவது மட்டும்தானா? 2024 ஜனவரி 26 அன்று ஏடன் வளைகுடாவில் 'மார்லின் லுவாண்டா' டேங்கர் ஏவுகணைத் தாக்குதலில் தீப்பிடித்தது. அதில் 22 இந்திய மாலுமிகள். ஐ.என்.எஸ். விசாகப்பட்டினத்திலிருந்து பத்துப் பேர் கொண்ட குழு போய், எரிகிற எண்ணெய்க் கப்பலில் ஏறித் தீயை அணைக்க உதவியது. அதுவும் காவல்தான். எண்ணெய் ஏற்றிய கப்பலில் ஒரு பொறிக்குக்கூடப் பயப்பட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

காவலுக்கு விலை உண்டு என்பதும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. 1530-களில் முத்துக்குளிக்கும் பரதவர்கள் எதிரிகளிடமிருந்து காப்பாற்றச் சொல்லிப் போர்ச்சுக்கீசியரிடம் போனார்கள். காவல் கிடைத்தது. கூடவே முத்துக்கடல் மீது போர்ச்சுக்கீசியரின் கையும் ஓங்கியது.

படகை அடையாளம் காட்ட

இப்போது படகுகளுக்குப் பதிவு எண் இருக்கிறது, மாநிலத்துக்கு ஒரு நிறம் இருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியும் தமிழக விசைப்படகுகளில் பொருத்தப்பட்டுவருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், அது கரைக்குத் தகவல் சொல்லும் கருவி. பக்கத்தில் வரும் வெளிநாட்டு டேங்கரில் துப்பாக்கியோடு நிற்பவருக்கு நம் படகின் நிறமும் தெரியாது, எண்ணும் தெரியாது.

தெரேஸ்புரத்துப் பையன் இப்போது கப்பலில் போசன், டெக் ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. காவலர்கள் ஏறும் பயணங்களில் அவர் தவறாமல் ஒரு வேலை செய்கிறாராம். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் செல்போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டுவார். வளைகுடாவில் அவர் மாமா வேலை பார்த்த படகு.

"இதுதான் மீன் படகு. தண்ணியில கொடி கட்டின மிதவை தெரிஞ்சா அங்க வலை இருக்கு. அவன் சட்டையை வீசினா, கப்பலைத் திருப்புன்னு அர்த்தம். ஏணியும் கொக்கியும் தெரிஞ்சா மட்டும் பயப்படுங்க" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்வாராம். சிலர் சிரிப்பார்கள். சிலர் படத்தைத் தங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு போசன் தன் மாமனுக்காகச் செய்கிற இந்த வேலையை, காவலர்களை அனுப்பும் நாடுகளும் நிறுவனங்களும் பாடமாகவே வைக்கலாம். எந்தக் கடலில் என்ன படகு, எப்படி வலை போடுவார்கள், எப்படிக் கை காட்டுவார்கள் என்று கப்பலில் ஏறும் முன்பே சொல்லிக்கொடுக்கலாம். மீனவர்களுக்கும் பெரிய கப்பலோடு வயர்லெஸ்ஸில் பேசப் பழக்கலாம். அடுத்த முறை யாராவது வரைபடத்தில் ஒரு கோடு போடும்போது, அந்தக் கடலில் வலை போடுகிறவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கலாம்.

எண்ணெய் பத்திரமாக வர வேண்டும். அதைக் கொண்டுவரும் பிள்ளைகளும் பத்திரமாக வர வேண்டும். அந்தக் கணக்கில் கப்பலுக்குப் பக்கத்தில் மிதக்கும் சின்னப் படகையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் இருப்பவரும் யாரோ ஒருவருக்குத் தாய்மாமன்தான்.